கையை எடுக்கும்போது

துளசி பொய் சொல்கிறாள் என்பதை அவள் மூச்சே காட்டிக்கொடுத்துவிட்டது. வலது விலா எலும்புக்குக் கீழே நான்கு விரல்களை வைத்து அமுக்கி, "மூச்ச நல்லா இழும்மா" என்றேன். பாதியில் நின்றது. பித்தப்பை வீங்கியிருந்தால் மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கி விரல்களில் முட்டும். எவ்வளவு நெஞ்சழுத்தம் உள்ளவளாக இருந்தாலும் அதற்கு மேல் இழுக்க முடியாது.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். காத்துதான். மிஞ்ஞாக் தேச்சிருக்கேன். ஊசி ஒன்னு போட்டு விட்டீங்கன்னா போயிருவேன்."

அறை முழுக்க அந்தத் தைலத்தின் வாசனைதான். காய்ச்சல் முப்பத்தெட்டரை டிகிரி செல்சியஸ். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது வாந்தி எடுத்தவளை, கூட வேலை செய்யும் ஃபஸீலா இழுக்காத குறையாக என் கிளினிக்குக் கூட்டி வந்திருந்தாள். இருபத்தாறு வருஷமாக வயிறுகளை அமுக்கித்தான் பிழைக்கிறேன். வாய் பொய் சொல்லும், வயிறு சொல்லாது என்று பெருமையடித்துத் திரிந்தவள் நான், போன தைப்பூசம் வரைக்கும்.

"லெட்டர் தாரேன். இன்னைக்கே ஆஸ்பத்திரில சேரணும்."

"முடியாது டாக்டர். ஞாயித்துக்கெழம தைப்பூசம். பால்குடம் எடுக்கணும்."

"அடுத்த வருஷம் எடுக்கலாமே."

"என் வேண்டுதலா இருந்தா சரின்னுருவேன். இது தம்பியோடது. மூனு வருஷம் காவடி எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டான். ரெண்டுதான் முடிஞ்சிச்சு. போன வருஷம் மலையில காவடிய எறக்குன கையோட விழுந்தான். குடல்வால் வெடிச்சிருச்சுன்னாங்க. மூனா நாள் போய்ட்டான்."

"பேரென்ன?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"யுகேந்திரன்."

போன வருஷம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் முதலுதவி மேசை என் பொறுப்பு. விடிந்தும் விடியாத நேரம். அலகு குத்தப் போகிறவன் வாந்தி எடுத்துவிட்டான் என்று கோகுலன் என்ற நண்பன் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தான். பாயில் படுக்கவைத்தேன். தொப்புளிலிருந்து வலது இடுப்பெலும்புக்குக் கோடு போட்டால், இடுப்புக்குக் கிட்டத்தில் ஓரிடம் இருக்கிறது. அங்கே மெல்ல அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுக்க வேண்டும். குடல்வால் கெட்டிருந்தால், அமுக்கும்போதைவிட எடுக்கும்போதுதான் வலியில் உயிர் போகும். எடுத்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மஞ்சள் பூசிய கால் விரல்கள் பத்தும் உள்ளே மடங்கின.

"வலிக்கல டாக்டர்" என்றான். விரதக்காரன் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அலகு ஏறாது என்பார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, நானும் அந்த வருஷம் விரதம் இருந்தவள்தான். வெளியே உறுமி முழங்கிக்கொண்டிருந்தது. காவடியைத் தடுத்த டாக்டரம்மா என்று பெயர் வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. "பாத்துப் போப்பா" என்று அனுப்பிவைத்தேன். நாலாம் நாள் பத்திரிகையில் அவன் படம் வந்தது.

அன்றிலிருந்து யார் வயிற்றைத் தொட்டாலும் கட்டிலின் கடைசியில் அந்தப் பத்து விரல்கள் மடங்குகின்றன. பார்க்கப் பயந்து, படுக்கிறவர்களின் காலைப் போர்வையால் மூடிவிடுவேன். டாக்டருக்குத்தான் குளிருது என்று நர்ஸ் தனுஜா கேலி செய்வாள்.

துளசியின் காலையும் மூடித்தான் வைத்திருந்தேன். இப்போது போர்வையை விலக்கினேன். விலாவுக்குக் கீழே மறுபடி அமுக்கினேன். அவள் காலின் கட்டை விரல் முதலில் மடங்கியது, மற்றவை அதன் பின்னால். தம்பிக்கும் இதே மாதிரிதான் மடங்கின.

"துளசி, ஒன் தம்பிய அன்னைக்குப் பந்தல்ல பாத்தது நான்தாம்மா."

அவள் கண் கூரைக்குப் போனது.

"வலிக்கலன்னுதான் சொன்னான். ஆனா கால் வெரல் மடங்குச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அனுப்புனேன். ஒனக்கும் இப்ப மடங்குது."

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை எழுதி அவள் இடது கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"எந்த எடம் டாக்டர்?"

"எதும்மா?"

"அவனுக்கு. எந்த எடத்துல அமுக்குனீங்க?"

அவள் வயிற்றிலேயே தொட்டுக் காட்டினேன். அங்கே அவளுக்கு ஒரு நோயும் இல்லை. என் விரலை ஒதுக்கிவிட்டுத் தன் விரல்களை அங்கே வைத்தாள். மெல்ல அமுக்கினாள். இன்னும் ஆழமாக அமுக்கினாள்.

கதவுக்கு வெளியே ஃபஸீலாவின் குரல் கேட்டது. "துளசி, கூப்புட்ட கார் வந்துருச்சுலா!"

துளசியின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.