அப்பா போட்ட சாயம்

சங்கத் தேர்தலில் தன்னைத் தோற்கடித்த நெசவாளி தருமன்மேல் சாயப்பட்டறை ஞானமுத்துவுக்குத் தீராத வயிற்றெரிச்சல். தருமன் சாயம் போட அனுப்பிய பட்டு நூலை, நிறத்தை நிறுத்தும் ஆசிட்டைச் சேர்க்காமலே சிவப்பாக்கிக் கொடுத்தார். முதல் ஈரத்திலேயே புடவை பல்லிளிக்கும், தருமன் பெயர் நாறும். அந்த ஞாயிறு, மொர்தெகாயைத் தொங்கவிடத் தான் நட்ட தூக்குமரத்தில் ஆமானே தொங்கிய பைபிள் கதையைப் பாஸ்டர் வாசித்தபோது, முதலில் அல்லேலூயா சொன்னவரும் அவர்தான்.

மே மாதம் மகள் எப்சிபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த சிவப்புப் பட்டில் வந்து நின்றாள். சம்பந்தியம்மா எல்லாருக்கும் கேட்கும்படி பெருமையாகச் சொன்னார்:

"தருமன்கிட்ட நெய்யச் சொன்னோங்க. சாயம் மட்டும் உங்க பட்டறையிலதான் போடணும்னு கண்டிஷனா சொல்லிட்டோம். பொண்ணு கட்டுற புடவைக்கு அப்பா கைச்சாயம் இருந்தா நல்லதுதானேங்க?"

ஞானமுத்து மகளின் புடவையைப் பார்த்தார். மண்டபத்தில் கரண்ட் போயிருந்தது. எப்சிபாவுக்கு வேர்த்துக் கொட்டியது. முழங்கை வழியாக இறங்கிய சிவப்பு, அவள் கையைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் அப்பியது. ஜனம் மொத்தமும் ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

தருமன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.