மச்சத்துக்கு ஒரு பேப்பர் கட்டிங்

என் முதுகில், வலது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு மச்சம் உண்டு. மச்சம் என்றதும் எல்லோரும் ஒரு கடுகை நினைத்துக்கொள்வார்கள். நானோ கறுப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே பிறந்தவன். அதில் முடி வேறு. தலையிலிருந்து விடைபெற்றதெல்லாம் அங்கேதான் குடியேறியிருக்கிறது.

இத்தனை பெரிய பிறவி மச்சத்தில் தோல் புற்றுநோய் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். பலருக்கு வருவதே இல்லை, ஆனாலும் ஒரு கண் வைத்திருங்கள் என்று எங்களுக்குக் கல்யாணமான புதிதில் டாக்டரம்மா சொன்னார். கட்டி வருகிறதா, நிறம் மாறுகிறதா, ஓரம் பரவுகிறதா, ரத்தம் கசிகிறதா? என் முதுகை நான் எங்கே பார்க்க? பொறுப்பு மனைவி தலையில் விழுந்தது.

அவள் தையல்காரி. கண் அளவை நம்ப மாட்டாள். என்னை வெட்டு மேஜையில் குப்புறப் படுக்கவைத்து, மெல்லிய தாளை விரித்து, மச்சத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, கத்தரித்து எடுத்துவிட்டாள். ஜாக்கெட்டுகளின் பேப்பர் கட்டிங்குகளோடு அதுவும் ஆணியில் தொங்கியது. மாதாமாதம் எடுத்து முதுகில் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு, எழுந்திரிங்க" என்பாள். அதைக் கேட்டால்தான் எனக்கு அடுத்த மாதம் ஓடும்.

நடுவில் அவளுக்குக் கல்யாண ஆர்டர்கள் குவிந்து, சில மாதம் பார்க்க நேரமில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி படுத்தேன். வழக்கமான வார்த்தை வரவில்லை.

"என்ன, தூங்கிட்டியா?"

"ஆடாதீங்க."

"ஆடல."

"மூச்சும் விடாதீங்க."

தாள் சுருங்கியிருக்குமோ என்று இஸ்திரி போட்டு, சூடு ஆறாமல் வைத்தாள். நான் துள்ளினேன். அவள் குரல் இறங்கியிருந்தது. "ஒரு விரக்கடை வெளிய நிக்குதுங்க."

"உள்ள மடிச்சுத் தையல் போட்டுடேன்."

என் மட்டமான ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிற ஒரே ஜீவன் அவள். அவளே சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தன் தங்கைக்குப் போன் போட்டு, "மாமாவுக்கு மச்சம் பரவிடுச்சுடி" என்று தேம்பினாள். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு, பாலம் கட்டப் போகும் இன்ஜினியர் போல முன்னே நடந்தாள்.

டாக்டரம்மா லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அழுத்தினார். கழுத்தையும் அக்குளையும் தடவினார். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. பயத்தில் அழுகை வந்தது. இரண்டும் முட்டிக்கொண்டு விக்கல்தான் வெளியே வந்தது.

"கட்டி இல்ல. நிறம் மாறல. எந்தப் பக்கம் பெருசாச்சு?"

"எல்லாப் பக்கமும், ஒரே சீரா" என்றாள் மனைவி. "என் கட்டிங் தப்பாதுங்க."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"முன்ன சிலிண்டர் தூக்கினேன். இப்ப கொஞ்ச மாசமா பேக்கரி கல்லாவுல. உடைஞ்ச பிஸ்கட்ட யாரும் வாங்க மாட்டாங்க, அதனால..."

"உடம்பு போட்டிருக்கு."

"சேச்சே! இது கல்யாணமான புதுசுல இவ தைச்ச சட்டைங்க. இன்னைக்கும் கச்சிதமா இருக்கு."

மனைவி தரையைப் பார்த்தாள். "அது... பக்கத் தையலப் பிரிச்சுப் பிரிச்சு விட்டுட்டு வரேன்."

"எனக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான்."

"சட்டையத் தளர்த்தினீங்க சரி, தாளத் தளர்த்த வேணாமாம்மா?" டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "தோல் விரிஞ்சா மச்சமும் கூடவே விரியும்." பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், நடுவில் கட்டியோ நிறமோ தெரிந்தால் அன்றே ஓடிவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

படியிறங்கும்போது மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்படியே உட்கார்ந்து அழுதாள், மூக்கை என் சட்டையில் துடைத்தாள். அவள் தைத்ததுதானே, துடைக்கட்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் தங்கை போன் அடித்தாள். பேச முடியாமல் மனைவி போனை என் கையில் திணித்தாள்.

நான் மாடிப்படி அதிரக் கத்தினேன். "ஒண்ணும் பயமில்லம்மா! நான் குண்டாயிட்டேன்!"

"அது ஊருக்கே தெரியும் மாமா. டாக்டர் என்ன சொன்னாங்க, அதச் சொல்லுங்க!"