குச்சிக்கிழங்குக் காட்டில் பதினோராம் நம்பர் ரூம்

மெட்ராஸ் எழும்பூரில் ஒரு லாட்ஜின் பதினோராம் நம்பர் ரூம், 1977ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், ராசிபுரத்துக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி செங்கோட்டையனின் குச்சிக்கிழங்குக் காட்டில் வந்து நின்றது. பத்துக்கு எட்டு அடி. பச்சை டிஸ்டம்பர், இரும்புக் கட்டில், ஒரு தண்ணீர்ச் சொம்பு, சுவரில் ஒரு ஆணி, கதவுக்குப் பின்னால் லாட்ஜ் விதிகள் அச்சடித்த அட்டை. வந்து இறங்கிய இடத்தில் முப்பது நாற்பது மரவள்ளிச் செடி சாய்ந்ததைத் தவிர வேறு சேதாரம் இல்லை. கதவு காட்டைப் பார்த்துத் திறந்தது. எதிர்ச் சுவரில் இருந்த ஜன்னலைத் திறந்தால் எழும்பூர் சந்து தெரிந்தது. ரிக்‌ஷாக்காரர் பெடலில் கால் வைத்துக்கொண்டு பீடி பிடித்தார், மூலைக் கடையில் டீ ஆற்றினார்கள். வெளியே சுற்றிவந்து அதே சுவரைப் பார்த்தால் ஜன்னலே கிடையாது, வெறும் பூச்சுதான்.

ஊர் கூடிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரரும் பங்காளியுமான பச்சமுத்து உள்ளே போய் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது யாரோட ரூமு, இங்க எதுக்கு வந்துச்சு என்று கேட்டார். செங்கோட்டையன் குனிந்து சாய்ந்த செடிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாப்பாயிதான் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பதைவிட, சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை என்பது சரி.

"ஏனுங்க, நம்ம தங்கியிருந்த ரூமுங்க இது. அந்த ஆணியில பாருங்க, என்ற சுருக்குப் பை. மறந்துட்டு வந்துட்டேன்னு சொன்னனல்லோ."

பச்சமுத்து செங்கோட்டையனைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காக மாட்டைப் பார்த்தார். ஏனென்றால் மெட்ராஸிலிருந்து திரும்பிய ஒன்பது நாளும் செங்கோட்டையன் பஸ் ஸ்டாப்பிலும் சொசைட்டியிலும் கோயில் வாசலிலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் சரவணமுத்துவின் வீட்டில்தான் தங்கினோம், மேலே ஃபேன், குழாயைத் திருகினால் தண்ணீர், வாசலில் பேர் போட்ட பலகை. இப்போது எட்டு ரூபாய் ரூம் அவர் காட்டிலேயே வந்து நின்று, அது அப்படியில்லை என்றது.

நடந்தது இதுதான். பாப்பாயிக்குக் கழுத்தில் கட்டி. சேலத்து டாக்டர் மெட்ராஸில் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். மகன் அங்கேதான் நாலு வருஷமாக அரசாங்க ஆபீஸில் எழுத்தர். தனி வீடு எடுத்திருக்கிறேன், சௌகரியமாக இருக்கிறேன் என்று மாதம் தவறாமல் கடிதமும் மணியார்டரும் வரும். அந்தப் பணத்தில் செங்கோட்டையன் ஓட்டு வீட்டைப் பிரித்து மெத்தை வீடு கட்டி, மாடியில் மகனுக்கென்று ஒரு அறை எழுப்பி, புது மெத்தை வாங்கிப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவார். மறுபடி பூட்டிவிடுவார்.

அப்படிப்பட்ட மகன் ஸ்டேஷனுக்கு வந்து, துணி மூட்டையை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னான். "ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறாங்கப்பா. அஞ்சு நாளைக்கு லாட்ஜுல இருந்துக்கலாங்களா?"

செங்கோட்டையன் சரி என்றார். அதற்குப் பிறகு மத்தியானம் வரை மூவரும் லாட்ஜ் தேடி நடந்தார்கள். முதல் இடத்தில் இருபத்திரண்டு ரூபாய். அடுத்ததில் பதினெட்டு. மூன்றாவதில் மேனேஜர் பாப்பாயியின் ரவிக்கையில்லாத தோளையும் பின்கொசுவத்தையும் பார்த்துவிட்டு ரூம் காலியில்லை என்றார். அவர் தலைக்கு மேலே பலகையில் ஏழு சாவி தொங்கியது. நாலாவதில் சரவணமுத்து இங்கிலீஷில் பேசிப் பார்த்தான். இங்கிலீஷுக்கும் அதே விலைதான். ஒவ்வொரு படி இறங்கும்போதும் மகனின் காது மடல் சிவப்பதைச் செங்கோட்டையன் பின்னால் நடந்தபடி கவனித்தார். நம்மை வீட்டுக்குக் கூட்டிப்போக இவனுக்கு வெட்கம், நம்ம வேட்டியும் இவள் சேலையும் இவன் வாசலுக்கு ஆகாது என்று அவர் முடிவு செய்தார். ஏழாவதாகக் கிடைத்தது இந்தப் பதினோராம் நம்பர், நாளுக்கு எட்டு ரூபாய். மகன் தினமும் இட்லிப் பொட்டலத்தோடு வந்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், இருட்டும் முன்னே போய்விட்டான். கட்டி பயப்படும்படி இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். ஊர் திரும்பும்போது ரயிலில் செங்கோட்டையன் ஊரில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது சொல்ல வேண்டிய பொய் முழுசாகத் தயாராக இருந்தது.

ரூம் வந்த பிறகு அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். டவுனுக்குப் போக வேண்டியிருந்தால் ஊருக்குள் புகாமல் ஓடையில் இறங்கிச் சுற்றிப் போனார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. சனங்கள் தாராளமாக வந்தார்கள். பெண்கள் ஜன்னலில் நின்று மெட்ராஸ் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கம்பி வழியாகக் கிளாஸை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டார். கொங்கு நாட்டுக்காரர்கள் சர்க்கரை குறைத்துக் குடிக்கிறார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறு அபிப்பிராயம் இல்லை. லாட்ஜில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வெறும் சுவர் வந்துவிட்டதாகவும், மேனேஜர் அங்கே காலண்டர் மாட்டிவிட்டதாகவும் அவரே சொன்னார்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பாப்பாயி சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலை ஏழு மணி. சந்து முனையில் கார்ப்பரேஷன் குழாயடியில் ஒரு ஆள் டவுசரோடு குந்தி, தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் மடித்து வைத்த வெள்ளைச் சட்டை. முதுகைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது.

"சாமி... சரவணா..."

சோப்பு நுரையோடு திரும்பினான். கண்ணைத் துடைத்தான். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கம்பியைப் பிடித்தான். "அம்மா, எப்ப வந்தீங்க? ஒரு கடுதாசி போடக்கூடாதா?"

"நாங்க எங்கியும் வர்ல சாமி. காட்டுலதான் இருக்கறோம்."

அவன் அவள் தோளுக்கு மேலே பார்த்தான். திறந்த கதவு, கிழங்குச் செடி, செவலை மாடு, தூரத்தில் போதமலை. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏஞ்சாமி, ஊட்டுல தண்ணி வர்லயா? தெருக்கொழாயில வந்து குளிக்கற?"

"ஊடே இல்லம்மா."

ஆபீஸில் பழைய ஃபைல் போட்டிருக்கும் அறை ஒன்று இருந்தது. வாட்ச்மேன் நல்ல மனுஷன், படுத்துக்கொள்ள விடுவார்; ஆள் வருவதற்கு முன்னே எழுந்து, ஆபீஸ்காரர் கண்ணில் படாமல் இவ்வளவு தூரம் வந்து குளிக்க வேண்டும். நாலு வருஷமாக அதுதான். இந்த ஊரில் வாடகை கொடுத்தால் ஊருக்கு அனுப்ப முடியாது, ஊருக்கு அனுப்பினால் வாடகை கொடுக்க முடியாது. இதையெல்லாம் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நுரை காய்ந்து நெற்றியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"சுண்ணாம்பு அடிக்கறாங்கன்னு சொன்னது பொய்யிம்மா. அப்பாகிட்டச் சொல்லீராதீங்க. அவரு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. தல குனிஞ்சு போயிரும்."

செங்கோட்டையன் வெளியே, கதவுக்கு இந்தப்புறம், சுவரோடு சுவராக நின்றிருந்தார். மாட்டை மாற்றிக் கட்ட வந்தவர், கையில் கயிறு. எல்லாம் கேட்டது. ஒரு மாதமாக மகன்மேல் வைத்திருந்த வருத்தம் ஒரே நிமிஷத்தில் திரும்பி அவர்மேலேயே விழுந்தது. மாடி அறையும் அதன் பூட்டும் ஞாபகம் வந்தன. அதை எத்தனை பேருக்குத் திறந்து காட்டியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார், முடியவில்லை. உள்ளே போய் மகன் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. மாட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மாடியைத் திறந்தார். மெத்தையின் காகித உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. சுருட்டித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஓடைப் பக்கம் போகாமல், பட்டப் பகலில் நடுத்தெரு வழியாகவே வந்தார். பச்சமுத்து எதிரே வந்தார்.

"மெத்தைய எங்கீங்க தூக்கிட்டு?"

"பையனுக்கு. அவனுக்கு மெட்ராஸுல ஊடு கெடையாது பச்சமுத்து. ஃபைலுக்கு நடுவுல படுத்துக் கெடக்கறான். நான் சொன்னதெல்லாம் பொய்யி."

சத்தமாகவே சொன்னார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குமாற்றை நிறுத்தினார்கள். பச்சமுத்து, மெத்தையின் பின்முனை தரையில் இழுபடுகிறது என்றார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு காடு வரை கூடவே வந்தார். இருவரும் அதைப் பதினோராம் நம்பர் கட்டிலில் விரித்தார்கள்.

ஜன்னலில் ஏழு கம்பி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ராசு, கேஸ் கட்டிங் போட்டால் பத்து நிமிஷம் என்றான். செங்கோட்டையன் ஒத்துக்கொள்ளவில்லை. ராசிபுரத்தில் ரம்பம் வாங்கி வந்து, யாரையும் கிட்டே விடாமல், மூன்று பகல் உட்கார்ந்து நடுவிலிருந்த மூன்று கம்பிகளைத் தானே அறுத்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். நாலாம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சரவணமுத்து தகரப் பெட்டியை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் கட்டையில் கால் வைத்தான். எழும்பூர் சந்தில் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. குடியிருக்க இடம் தேடி அலைந்து பார்த்தவர்களுக்கு, ஒருத்தன் ஜன்னல் வழியாக வீடு போவது பெரிய சங்கதியில்லை. செங்கோட்டையன் கையை நீட்டினார். நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் மத்தியானத்திலிருந்து நினைத்திருந்தார்.

"தலைய இடிச்சுக்காத சாமி" என்றார்.

அதிலிருந்து சரவணமுத்து மெட்ராஸில் வேலை பார்த்தான், காட்டில் குடியிருந்தான். காலையில் கிணற்றில் குளித்து, கம்பங்கூழோ இட்லியோ சாப்பிட்டு, ஒன்பதரைக்கு ஜன்னலில் இறங்குவான். 1981இல் சென்சஸ் எடுக்க வந்த வாத்தியார், எந்த ஊரில் எழுதுவது என்று சற்று யோசித்து, சோறு தின்னும் இடம்தான் ஊர் என்று இங்கேயே எழுதிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். மறு வருஷம் குமாரபாளையத்தில் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லீங்க, ஜன்னல் வழியாப் போயிட்டு வருவான் என்றார் செங்கோட்டையன், வேறெங்கும் பார்க்காமல். பெண்ணின் அப்பா, தறிப் பட்டறைக்காரர், அப்ப பஸ் சார்ஜ் மிச்சம் என்றார். வசந்தாமணி மருமகளாக வந்தாள். ஆஸ்பத்திரிக்கும் இன்டர்வியூவுக்கும் மெட்ராஸ் போக வேண்டிய ஊர்க்காரர்கள் முந்தின நாளே வந்து அங்கே படுத்துக்கொண்டு காலையில் இறங்கிப் போனார்கள்.

செங்கோட்டையன் மட்டும் ஒருநாளும் அந்த ஜன்னலைத் தாண்டவில்லை. மகன் இறங்கும்போது பெட்டியை எடுத்துக் கொடுப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். சோறு போடும்போதும் மகன் சாப்பிட்டு எழுந்த பிறகே இலையில் உட்காருவார். அவன் எத்தனையோ தடவை, விடுங்கப்பா என்றிருக்கிறான். அவரால் விட முடியவில்லை.

1986இல், ஆடி மாதம், சரவணமுத்து கண்ணாடியை மறந்துவிட்டுப் போனான். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. காட்டில் வேறு ஆள் இல்லை. செங்கோட்டையன் ஜன்னலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். மகன் அதற்குள் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு ஜன்னலில் ஏறி அந்தப்பக்கம் குதித்தார். பஸ் ஸ்டாப்பில் மகனைச் சுற்றி அவன் ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர், இஸ்திரி போட்ட சட்டைகள். அவர் பத்தடி தள்ளியே நின்று, ரிக்‌ஷாக்காரர் எவரிடமாவது கொடுத்தனுப்பிவிடலாமா என்று பார்த்தார். சரவணமுத்து பார்த்துவிட்டான். வந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அவர் கையை விடாமல், கூட்டத்துக்குள் இழுத்துப் போனான்.

யார் என்று ஒருவர் கேட்டார்.

"எங்கப்பாங்க."

"அப்படியா, ஊர்லேர்ந்து வந்திருக்காரா? எங்க தங்கியிருக்காரு?"

"எங்கூட்டுலதான்" என்றான் சரவணமுத்து.

செங்கோட்டையன் பஸ் வரும் வரை அவர்களோடு நின்றார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மழை இல்லை, கிழங்கு டன் முந்நூறுக்குப் போகிறது, ஆமாங்க, பையன் நல்லாப் பார்த்துக்கறான். பஸ் போன பிறகு சந்துக்குத் திரும்பி, ஜன்னல் கட்டையைப் பிடித்து ஏறினார். வயசாகிவிட்டது, இரண்டு தடவை வழுக்கியது. டீக்கடைக்காரர் பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தார். உள்ளே இறங்கி, காலைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் திருப்பிவிடக் காட்டுக்குள் போனார்.