அங்கே கடல் இல்லை

ஆய்வு நிலையத்தின் நடைவழியில் ஆளுயரப் படம் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நீலக் கடல், கரையைத் தொடும் அலை, மேலே சிவந்த சூரியன். கீழே கொட்டை எழுத்தில், 'வேறொரு உலகத்தில் தண்ணீர்'. அவள் கையில் காபி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் கண்ணால் கண்டிராத கோள் அது. நட்சத்திரத்துக்குக் குறுக்கே அது போகும்போது வெளிச்சம் துளி மங்கித் தெளியும், தொலைநோக்கிக்கே தெரிவது அவ்வளவுதான். அந்த மங்கலில் நீராவியின் சாயல் இருந்தது நிஜம். அது யாருடைய நீராவி என்பதுதான் கேள்வி. சின்ன நட்சத்திரம், மேலெல்லாம் கரும்புள்ளிகள். புள்ளிகள் சுற்றியுள்ள பரப்பைவிடக் குளிர்ந்தவை, அவற்றிலேயே நீராவி உண்டு. கோள் மறைக்காமல் விட்ட புள்ளிகளே இந்தச் சாயலைக் கொடுத்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். ஆய்வுக் குழுவின் தலைவர், "நல்ல வேலைம்மா, அடுத்த கட்டுரையில பார்ப்போம்" என்று தட்டிக் கழித்துவிட்டார். இப்போது அலை வரைந்து மாட்டுகிறார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைய நிருபர் கூட்டத்துக்காக இஸ்திரி போட்ட சட்டையில் கணவன் வந்தான். கல்லூரியில் ஒரே வகுப்பு, இப்போது ஒரே குழு.

"மேடையில ஏறப் போறியா?" என்று கேட்டாள்.

"ஓரமாத்தான் உட்காருவேன்."

"என் கணக்கை வரிவரியாச் சரிபார்த்தது நீ."

"தப்புன்னு நான் சொன்னேனா? இன்னைக்கு வேணாம்னுதான் சொல்றேன். தலைவரைப் பகைச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எங்க போறது?"

அவள் அரங்கத்தை நோக்கி நடந்தாள். வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அரங்கம் நிருபர்களால் நிறைந்திருந்தது. தலைவர் அளந்து அளந்து பேசினார். கேள்வி நேரத்தில் அவள் கையைத் தூக்கினாள். தலைவரின் பார்வை அவள் தலைக்கு மேலேயே போய்ப் போய் வந்தது. ஒலிவாங்கி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எழுந்து வெறும் தொண்டையிலேயே கேட்டாள். "அந்த நீராவி நட்சத்திரத்தோட புள்ளிகள்ல இருந்து வரலைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

தலைகள் திரும்பின. தலைவர் சிரித்தார். "இவங்க வீட்டுக்காரர் என் பக்கத்துலதான் இருக்கார். அவரே பதில் சொல்லட்டுமே" என்று ஒலிவாங்கியை அவன் பக்கம் நகர்த்தினார்.

கணவன் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, "அதை நாங்க வீட்டுல பேசிக்கிறோம்" என்றான்.

அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டினார். அடுப்படியில், இவள் சமைக்க அவன் சமன்பாடுகளைப் படித்துக் காட்டிய ராத்திரிகள் எல்லாம் அந்த ஒரு வரியில் கேலியாகிவிட்டன. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க. மறுபடி ஆரம்பிக்கிறேன்."

சிரிப்பு அடங்கியது. அவள் நின்ற இடத்திலேயே புள்ளிகளைப் பற்றி, குளிரைப் பற்றி, ஏமாற்றும் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாள். குரல் நடுங்கியது, நிறுத்தவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் நிருபர் மட்டும் குனிந்து எழுதினாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் தயார் என்று கூட்டத்தை முடித்தார்.

சாயங்காலச் செய்தியில் கடலும் அலையும் வந்தன. மாற்றுக் கருத்தும் உண்டு என்று கடைசியில் அரை வரி. அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். புள்ளிகளின் கணக்கை எழுதி வைத்திருந்த கட்டுரையில், தலைப்பின் கீழ் அவள் பெயரும் சரிபார்த்துக் கொடுத்த அவன் பெயரும் அருகருகே இருந்தன. அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கட்டுரையை எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினாள். அவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அவள் கைபேசி அடித்தது. மாமியார்.

"டிவியில பார்த்தேம்மா! எம்புள்ள என்ன ஜோரா உக்காந்திருந்தான்! அங்க கடல் இருக்காமே?"

"இல்லை அத்தை. இருக்குன்னு சொல்ல யார்கிட்டயும் ஆதாரம் இல்லை."

"அப்புறம் எதுக்கு அவன் அங்க போய் உக்காந்தான்?"

அவள் கைபேசியைக் கணவனிடம் நீட்டினாள். "இந்தா, நீயே சொல்லு."

அவன் வாங்கிக்கொண்டான். காதில் வைக்கவில்லை. "ஹலோ? ஹலோ? இருக்கியா?" என்று அம்மாவின் குரல் அவன் உள்ளங்கையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.