விஜயபாண்டி லாரியின் புகை

விஜயபாண்டியின் லாரிப் புகை மேலே பட்டால் மனிதர்கள் தூங்கிப்போனார்கள். பதினொரு மாதம் இது நடந்தது. வடுகபட்டியில் பூண்டு ஏற்றிக்கொண்டு பெரியகுளம், தேனி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகிற லாரி அது. முதலில் தூங்கியவர் சின்னமனூர் பைபாஸில் ஒரு டீ மாஸ்டர். ஆற்றிக்கொண்டிருந்த டீயைச் சிந்தாமல் மேடையில் வைத்து, அடுப்பைக் குறைத்துவிட்டு, பெஞ்சில் போய்ப் படுத்தார். அடுத்து உத்தமபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஏழு பேர். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றுகூட மோதிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகுதான் ஓட்டுநர்களுக்குக் கண் சொக்கியது. புகைச் சோதனைக்கு லாரியை விட்டபோது மீட்டரைப் பார்க்க வேண்டியவர் குழாயைக் கையில் பிடித்தபடியே குறட்டை விட்டார். விழித்ததும், இவ்வளவு நல்ல புகையைப் பார்த்ததே இல்லை என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அந்த வருடம் பூண்டு என்ன விலை போனது என்பதை எந்தக் குரலில் பேசினார்களோ, அதே குரலில்தான் பள்ளத்தாக்கில் இதையும் பேசினார்கள்.

அந்தப் புகைக்கு வழி செய்து கொடுத்தவள் ஜெபஷீலா. பெரியகுளத்தில் தேனி ரோட்டில் அவளுக்கு வெல்டிங் பட்டறை இருந்தது. விஜயபாண்டியின் லாரி பழசு. இன்ஜினின் ஆறு வாயிலிருந்தும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு மேனிபோல்டு, குமுளி ஏற்றத்தில் சூடேறிச் சூடேறி மூன்று முறை விரிசல் விட்டது. அந்த மாடலுக்குப் புதுசு வருவதில்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பழைய இரும்புக் கடைகளை அலசிவிட்டு அவளிடம் வந்து நின்றான். வார்ப்பிரும்பே வேண்டாம், ஆறு வாய்க்கும் ஆறு தனிக் குழாய் வளைத்து ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றாள் அவள். குழாய் நசுங்காமல் வளைய வேண்டுமானால் உள்ளே மணலை இறுகத் தட்டி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சிவக்கக் காய்ச்ச வேண்டும். மணலில் பொட்டு ஈரம் இருந்தாலும் அடைப்பு பிய்த்துக்கொண்டு ஆளை அடிக்கும். அதனால் இரும்புச் சட்டியில் வறுத்துத்தான் போடுவாள். வறுப்பதில் அவள் குறை வைக்கவில்லை. மணல் எந்த இடத்தது என்று யோசிக்காமல் விட்டதுதான் குறை. வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுநாள் அந்த ஊருக்கு ஒரு கேட் பற்றவைக்கப் போனவள், திரும்பும்போது முல்லையாற்றில் இரண்டு வாளி மணல் அள்ளி வந்தாள். அக்கினிச் சட்டி ஏந்தி மைல் கணக்கில் நடந்து வந்த ஜனங்கள், எட்டு நாளும் அலுப்புத் தீரப் படுத்துக் கிடந்த மணல் அது. புதுத் தண்ணீர் வந்து அந்தத் தூக்கத்தை அலசிவிட்டுப் போகும்வரை உள்ளூர்க்காரர்கள் அதைச் சட்டி விளக்கக்கூட எடுக்க மாட்டார்கள். ஜெபஷீலா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்; அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

வேலை என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆறு குழாயும் ஒரே நீளம். பற்றவைக்கிற சூட்டில், குழாய்களை இன்ஜினோடு சேர்க்கிற பிளேட் கோணிவிடக் கூடாது என்று பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கி வைத்தே பற்றவைத்தாள். மாட்டி ஸ்டார்ட் செய்தபோது லாரி உறுமவில்லை, பெருமூச்சு விட்டது. விஜயபாண்டி தலையாட்டிவிட்டு ஏறிப் போனான். குமுளி போய்த் திரும்பி வீட்டில் வந்து படுத்தான். தூக்கம் வரவில்லை.

முதல் இரண்டு மாதம் அவன் அதை அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தான். தூங்காத டிரைவர் யாருக்குக் கசக்கும்? ஒரு நடை போன இடத்தில் இரண்டு நடை போனான். குழாய் வழியே வெளியே போவது தன்னுடைய தூக்கம்தான் என்று புரிய மூன்றாம் மாதம் ஆனது. அதற்குள் சாலையோரத்தில் ஆட்கள் பாயோடு காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். விடியுமுன்பே ஜீப்பில் அடைந்து ஏலத் தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிற பெண்கள், ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்கு வெளியே வரிசையாகப் படுத்திருந்தார்கள். கடனில் போட்ட திராட்சைப் பந்தலை நினைத்து நினைத்துக் கண் மூடாதவர்கள் வந்தார்கள். கூடலூர் மொக்கைச்சாமி பன்னிரண்டு வருடமாகக் காட்டுப்பன்றிக்குக் காவல் கிடக்கிறவர். அவர் கட்டிலையே தூக்கி வந்து ரோட்டோரம் போட்டுவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை பேர் தூங்காமல் இருந்தார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது.

ஜெபஷீலாவும் தூங்காதவள்தான். நான்கு வருடத்துக்கு முன் அவள் கணவன் சண்முகராஜ் வேன் ஓட்டிக்கொண்டு கேரளாவிலிருந்து வரும்போது, தூக்கம் தூக்கமாக வருகிறது என்று போனில் சொன்னான். வீட்டுக்கு வந்து தூங்கிக்கொள்ளலாம், வாங்க என்றாள் இவள். லோயர் கேம்ப்புக்கு மேலே ஒரு வளைவில் வேன் கீழே போனது. அந்த ஒரு வார்த்தையை அவளால் மன்னிக்க முடியவில்லை. அன்றையிலிருந்து கண் மூடவில்லை. விஜயபாண்டியின் லாரிக்குப் பின்னால் மூன்று முறை நின்று பார்த்தாள். இருமல்தான் வந்தது.

பதினோராம் மாதம் விஜயபாண்டியின் மனைவி நதியா பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, அவுக கண்ண மூடுறாக. ஆனா உள்ளுக்குள்ள முழிச்சேதான் இருக்காக. நேத்து ஏம் பேரு மறந்துபோச்சு அவுகளுக்கு. இப்பிடியே போனா எனக்கு மிஞ்ச மாட்டாக."

ஜெபஷீலா அன்றே மேனிபோல்டைக் கழற்றினாள். நாலாம் குழாயின் வளைவில், இறுகிப்போன மணல் ஒரு கைப்பிடி இருந்தது. தட்டிக் கொட்டினாள். லாரி ஒன்பது நாள் இன்ஜின் திறந்தபடி நின்றது. விஜயபாண்டிக்குத் தூக்கம் வரவில்லை. போனது போனதுதான், இனிமேல் போகாமல் தடுக்கலாம், அவ்வளவுதான் என்று தெரிந்தது. பதினொரு மாதத்துப் பாக்கியோடு ஒரு மனிதன் எத்தனை நாள் நடமாட முடியும்? அவன் கால் பின்னத் தொடங்கியிருந்தது.

பத்தாம் நாள் மொக்கைச்சாமி நாற்பது பேரோடு வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்தார். லாரி வராததால் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது.

"தாயி, அதை வெட்டிப்புடாத," என்றார் மொக்கைச்சாமி. "அவருக்கு நாங்க கடன் பட்டிருக்கோம். இல்லேங்கல. வேற ஆரையாச்சும் ஓட்டவிட்டு, அவரப் பொகையில படுக்கப்போட்டா என்ன?"

நல்ல யோசனைதான். நாலாம் குழாயின் மணலைக் கொட்டிய பிறகும் குழாய் பழக்கத்தை மறந்திருக்கவில்லை. ஜெயமங்கலத்து டிரைவர் அம்மாவாசி ஓட்ட முன்வந்தார். புகை பின்பக்கம் வீணாகப் போகாமல் பாரம் ஏற்றுகிற தட்டின் மேலேயே விழும்படி, ஜெபஷீலா மேனிபோல்டைத் திரும்ப மாட்டி, சைலன்சர் முனையில் ஒரு முழங்கைக் குழாய் வைத்துப் பற்றவைத்தாள். காலிச் சாக்கு விரித்து விஜயபாண்டியைக் கிடத்தினார்கள். தேனி வரை போய்த் திரும்பினார்கள். அவன் ஒரு கொட்டாவி விட்டான். அம்மாவாசி சம்சாரி மனிதர். சாப்பிட்டதும் திண்டில் சாய்ந்து தூங்கிவிடுகிறவர், தூக்கத்தில் பாக்கி வைக்காதவர். அவரிடம் கொடுக்க இருந்ததே ஒரு மத்தியானத் தூக்கம்தான். இன்னும் இரண்டு டிரைவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களிடம் அதுவும் இல்லை.

நதியா லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், அலுத்துப்போன அழுகை. ஜெபஷீலா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"எங்கிட்ட நாலு வருசத்துத் தூக்கம் தூங்காமயே கெடக்கு," என்றாள். "நான் ஓட்டுறேன்."

"உங்களுக்கு அந்த வளைவு..." என்று நதியா இழுத்தாள்.

"அங்கன வரைக்கும் போனாத்தான் எறங்கும்னு தோணுது."

பட்டறைக்குள் லாரிகளை முன்னும் பின்னும் நகர்த்திய பழக்கம் அவளுக்கு இருந்தது. லைசென்ஸ் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பெரியகுளத்தில் கிளம்பினாள். விஜயபாண்டி சாக்கில் கிடந்தான், நதியா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். தேனி தாண்டுமுன்பே நதியா தூங்கிவிட்டாள். இப்போது வந்த புகை இதுவரை வந்த புகை இல்லை. நான்கு வருடம் கூடைக்குள் கிடந்த துணி வாசனையோடு, கனத்து, தட்டு நிரம்பி வழிந்து, தரையோடு தரையாகப் போனது. வீரபாண்டியில் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டியவர் நீட்டியபடி தூங்கினார். சின்னமனூரில் சந்தையே படுத்தது. கம்பத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெஞ்சில் தலை சாய்த்தார்கள், வாத்தியார்களும் சாய்த்தார்கள். கூடலூரில் மொக்கைச்சாமி தூங்கினார். அவருடைய தோட்டத்துக் காட்டுப்பன்றிகளும் வரப்பில் தூங்கின, அன்று எதுவும் சேதமில்லை. விஜயபாண்டி மட்டும் கூடலூர் தாண்டியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஜெபஷீலா அந்த வளைவில் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. தடுப்புச் சுவரின் உடைந்த இடத்தை அப்போதே கட்டிப் பூசிவிட்டிருந்தார்கள், எது பழைய சுவர், எது புதுச் சுவர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, "அங்கனயே எங்கனயாச்சும் ஓரமா நிறுத்தித் தூங்குங்கன்னு சொல்லிருக்கணும்," என்றாள். கேட்க யாரும் இல்லை. "நான் சொல்லல. வாங்கன்னுட்டேன்." ஆக்சிலேட்டரில் காலை வைத்து மிதித்தாள். ஆறு குழாயும் சிவந்தன. கால் மணி நேரம் அப்படியே மிதித்தாள். பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

விஜயபாண்டி நான்கு நாள் தூங்கினான். கரி படிந்து கருத்துப்போயிருந்த அவனை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கிடத்தினார்கள். ஐந்தாம் நாள் எழுந்து, நதியா என்று கூப்பிட்டு, சோறு கேட்டான். அவன் மறுபடி அந்த லாரியை ஓட்டவில்லை. வேறு லாரி பிடித்துக்கொண்டான்.

பழைய லாரி இப்போது பள்ளத்தாக்கின் பொது லாரி. முல்லையாற்றுத் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து விடுவதுபோல இதையும் முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர்கள் தூங்குகிறார்கள். தன் முறையை யாரும் தட்டிக் கழிப்பதில்லை. கழித்தால் இன்னொருவர் விஜயபாண்டிபோல ஆகிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெபஷீலாவை இனி ஓட்டக் கூப்பிட வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே மொக்கைச்சாமி சொல்லிவிட்டார். நான்கு வருடத்துத் தூக்கமும் அன்று தீர்ந்துவிட்டது. அவளிடம் மிஞ்சுவது இப்போது அந்தந்த நாளின் தூக்கம் மட்டும்தான். அதை அவளே வைத்துக்கொள்கிறாள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பட்டறைக் கதவு சாத்தியிருக்கும். வேலை கொண்டு வருகிறவர்கள் தட்டுவதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு வாசலில் காத்திருக்கிறார்கள்.