சண்முகவடிவுக்கு ஒரு வரி

“ஏம்மா இந்த எழுத்தெல்லாம் சாஞ்சு நிக்குது? அதுங்களுக்கு ஒடம்பு வலிக்குதா?”

பிரேமினி ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் அச்சுக்கடைக்கு வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். கிருஷாந்தி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “டீயக் குடி, ஆறுது” என்றாள். உள்ளதைச் சொல்வதென்றால், தான் செய்த பிழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு அவளுக்கு அன்று தைரியம் வரவில்லை.

தலவாக்கலை டவுனில் பைஸர் நானாவின் அச்சுக்கடையில் நோட்டீஸ் செய்வது அவள் வேலை. தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் கண்மூடினால், சில மணித்தியாலத்துக்குள் மரண நோட்டீஸ் வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலிலும் கோயில் சுவரிலும் பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டுவார்கள். மேலே இறந்தவரின் படம். கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று முறைப்படி பெயர்கள். ஒரு பெயர் முன்பின்னானாலே கருமாதி வீட்டில் முகங்கள் கறுத்துவிடும்.

சென்ற வருடம் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்து நல்லமுத்து காலமானார். மகன் திலக்ஷன் பெயர்களை எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் பெட்டி வாங்க ஓடினான். பெரிய குடும்பம். எவ்வளவு முயன்றும் ஒரு வரி அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் பஸ்ஸில் போகிறவர்களால் படிக்க முடியாது. ‘வளர்ப்பு மகள் சண்முகவடிவு, ராகலை’ என்ற வரிதான் இருப்பதில் நீளம். வளர்ப்பு மகள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணி அதை எடுத்துவிட்டாள்.

பார்க்கக் கூடாதவளே பார்த்தாள். நான்கு வயதில் தாய் தகப்பனை இழந்தவளைத் தோளில் தூக்கி வளர்த்து, கட்டிக் கொடுத்தவர் நல்லமுத்து. இரண்டு பஸ் மாறி வந்த சண்முகவடிவு லயத்து வாசலில் நின்று நோட்டீஸை மேலிருந்து கீழே படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். குழியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போனாள். கருமாதிக்கும் வரவில்லை.

“பெத்த பிள்ளையா இருந்தா அந்தப் பேர விட்டிருப்பாங்களா?” என்று அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிறகு கடையில் நின்று சொன்னாள்.

அன்றிலிருந்துதான் கிருஷாந்தி, குறைந்த இடத்தில் அடங்கும் எழுத்தைக் கணினியில் தானே வரையத் தொடங்கினாள். தடித்த எழுத்தை நெருக்கினால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாயின. அவற்றை உள்ளே குடைந்து வெளிச்சம் விட்டாள். நிமிர்ந்து நின்ற எழுத்துகள் வேலிக் கம்புகள்போல் ஒன்றையொன்று இடித்தன. வலப்பக்கம் சாய்த்தபோது ஒன்றன் மேல்வளைவு அடுத்ததன் தோளுக்கு மேலே போனது, இடம் பிறந்தது. மழை அடித்து ஆள் வராத பின்னேரங்களெல்லாம் இதிலேயே போயின.

பைஸர் நானா எட்டிப் பார்த்தார். “என்ன புள்ள, இது மரண நோட்டீஸா, மேட்ச் நோட்டீஸா? மையத்து எந்திரிச்சு ஓடிரும் போல இருக்கே.”

“இடம் மிஞ்சுது நானா.”

“மிஞ்சட்டும். சாய்வக் கொஞ்சம் கொறைச்சுக்க. அழுதுகிட்டுப் படிக்கிறவங்க.”

அவள் குறைத்தாள். எழுத்து இப்போது ஓடவில்லை. சுமையோடு மேட்டில் ஏறுகிறவர்களைப் போல் லேசாக முன்னால் குனிந்திருந்தது.

செய்த பிழையைச் சொல்ல ஆண்டவன் மனிதருக்கு ஒரு நாளைத் தருகிறான். அதைத் தவறவிட்டால் மறுபடி கேட்டு வாங்க முடியாது. கிருஷாந்திக்கு அந்த நாள், திலக்ஷன் ஆண்டு நினைவு நோட்டீஸுக்கு வந்தபோது வந்தது. அவன் தந்த தாளில் சண்முகவடிவு இல்லை.

“அண்ணே, ஒரு பேரு கொறையுது.”

“யாரு, ராகலைக்காரியா? அப்பா குழி காயுறதுக்குள்ள பஸ் ஏறிட்டா. போன் பண்ணாலும் எடுக்கல. அவளுக்கு நான் என்ன செஞ்சேன்?”

“நீங்க ஒண்ணும் செய்யல. போன தடவ நீங்க எழுதித் தந்த பேர நான்தான் எடுத்தேன். இடம் பத்தலன்னு.”

சாவு நாளில் அவன் நோட்டீஸில் அப்பாவின் படத்தைப் பார்த்ததோடு சரி. கீழே படிக்க அவனால் முடியவில்லை.

“ஒரு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தியா?”

“பயந்துட்டேன்ணே.”

அவன் வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். “லயத்துல என்னப் பாத்து முணுமுணுத்தாங்க. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது” என்றான். பேனாவை வாங்கிப் பிள்ளைகள் பெயர்களுக்கு மேலே சண்முகவடிவின் பெயரை எழுதினான். “மூத்த மகள்னு போடு. வளர்ப்புன்னு வேணாம். அக்கா எனக்கு மூத்தவ.”

பெயர்கள் எல்லாம் ஒரே அளவில் அடங்கின.

மறுநாள் கிருஷாந்தி லீவு சொல்லிவிட்டு, அச்சாகி வந்த முதல் நினைவு நோட்டீஸோடு ராகலைக்குப் பஸ் ஏறினாள். சண்முகவடிவின் வீடு பூட்டியிருந்தது. லயத்தில் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். நோட்டீஸோடு, திலக்ஷன் சென்ற வருடம் எழுதித் தந்து, அவள் பத்திரமாக வைத்திருந்த தாளையும் எடுத்தாள். அந்தத் தாளின் அடியில், ‘உங்கள் தம்பி எழுதித்தான் தந்தார். பெயரை எடுத்தவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள். கிருஷாந்தி, அச்சுக்கடை’ என்று எழுதி, இரண்டையும் சேர்த்து மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

தாளின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. மழையில் நனைந்துவிடும் என்று குனிந்து, அதையும் விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.