மடுத்தீனின் தோட்டாக்கள்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மரக்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு மேரிறோஸ் மூச்சு வாங்கினாள். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் அவள் இருந்த பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கணவர் மடுத்தீன் இருந்தவரை சாமான் பைகளை அவரே சுமந்து வருவார். அவள் கையில் கறிவேப்பிலைக் கட்டு மட்டும் இருக்கும். வேலை செய்த உணவகத்தின் சமையலறையிலேயே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பத்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் அவளுக்குப் பைகள் பழகவில்லை.

சுவரில் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பிரெஞ்சு எழுத்தை அவள் கூட்டி வாசிப்பாள், பொருள்தான் பிடிபடாது. கைபேசியில் படம் எடுத்து, லியோனில் வேலை பார்க்கும் மகள் ஷிரோமிக்கு அனுப்பினாள். வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மகள் அழைத்துவிட்டாள்.

“அம்மா, கீழை குழாய் மாத்தப் போயினமாம். வெள்ளிக்கிழமைக்கு முதல் எல்லாரும் காவை வெறுமையாக்கட்டாம்.”

“காவிலை என்ன கிடக்கெண்டு எனக்கெங்கை தெரியும்? அதெல்லாம் அப்பாவெல்லே பாக்கிறவர்.”

“போய்ப் பாருங்கோம்மா. நான் வேலையிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்.”

பிறகு எடுக்கவில்லை. அதை ஒரு குறையாக மேரிறோஸ் நினைக்கவில்லை. பிள்ளைக்கு வேலை, குடும்பம், தூரம். கடைசியாக வீட்டுக்குள் யார் வந்து இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார்கள் என்று யோசித்தால் அவளுக்கு உடனே ஞாபகம் வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு “பொன்ஜூர்” சொல்வாள். கடையில் விலை கேட்பாள். சில நாட்களில் அவள் வாயிலிருந்து வந்த சொற்கள் அவ்வளவுதான்.

காவ் என்பது கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய சின்ன நிலக்கீழ் அறை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் அங்கே இறங்கியதில்லை. வேலையில்லாத பின்னேரங்களில் மடுத்தீன் சாப்பிட்டு எழும்பி, “கீழை கொஞ்சம் ஒதுக்கிப்போட்டு வாறன்” என்று போவார். ஒதுக்குவதற்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. தொலைக்காட்சியில் தொடர் ஓடும். ஒரு தொடர் முடிந்து அடுத்ததும் முடியும். அவர் வந்து கைகழுவிவிட்டுப் படுப்பார். மேலே ஒருத்தி, கீழே ஒருவர். அதைத்தான் அவர்கள் குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காவின் திறப்பு அவருடைய குளிர்கோட்டின் பையில் இருந்தது. கீழே இறங்கிக் கதவைத் தள்ளி மின்விளக்கைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தூசி இல்லை. ஒட்டறை இல்லை. சமையல்காரர் வைத்திருக்கும் மேசைபோல ஒரு மேசை, அதில் நீண்ட கைபிடி வைத்த ஓர் இரும்புக் கருவி. பக்கத்தில் ஒரு சின்னத் தராசு. சிவப்பும் பச்சையுமாகப் பிளாஸ்ரிக் கோதுகள் நிறைந்த பைகள். ஈயச் சன்னங்கள் கட்டிய சாக்கு, தூக்கமுடியாத பாரம். மூடி இறுக்கிய தகரப் பேணிகள். சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள். மேல்பெட்டியைத் திறந்தாள். தலைப்பு மடித்து மூடிய தோட்டாக்கள், பலகாரம் அடுக்கியதுபோல வரிசையாக இருந்தன.

ஒரு பேணியின் மூடியை விரலால் நெம்பி மோந்துபார்த்தாள். மன்னாரில் செல்லடிக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அது வெடிமருந்து என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மூடியை அழுத்தி மூடிவிட்டு, அங்கே கிடந்த அவருடைய கதிரையில் இருந்தாள்.

மடுத்தீனிடம் ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது அவளுக்குத் தெரியும். உணவகத்தின் தலைமைச் சமையல்காரன் ஜெரார் அவரை ஒரு கழகத்தில் சேர்த்துவிட்டிருந்தான். ஞாயிறுகளில் நகரத்துக்கு வெளியே போய், வானத்தில் எறியும் மண்தட்டுகளைச் சுடுவார்கள். துவக்குக்கு உரிமம் இருந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு ஜெரார் வந்து அதை முறைப்படி எடுத்துப்போய்ப் பொலிஸில் ஒப்படைத்தான். அத்தோடு அந்தக் கதை முடிந்ததென்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஜெராரைக் கூப்பிட அவளிடம் இலக்கம் இல்லை. அது கணவருடைய கைபேசியில் இருந்தது. கைபேசியைத் திறக்கும் இரகசிய எண்ணும் அவளுக்குத் தெரியாது. கொழுந்தன் செபஸ்டியனுக்கு அழைத்தாள்.

செபஸ்டியனுக்கு அதே தெருவில் விமானச்சீட்டுக் கடையில் வேலை. மனைவி நிரஞ்சலாவோடு புறநகரான பியர்ஃபித்தில் குடியிருந்தான். வந்து உள்ளே எட்டிப் பார்த்தவனின் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணி, முதல் கதவைச் சாத்துங்கோ. ஆருக்கும் சொன்னனீங்களே?”

“உமக்குத்தான் முதல் சொல்லுறன்.”

“நல்லதாப் போச்சு. எங்கடை ஆக்களின்ரை காவிலை இது கிடந்தா, விளையாட்டுச் சாமான் எண்டே இந்தப் பொலிஸ்காரர் நினைப்பாங்கள்? கறுப்புப் பையிலை கட்டிப் பூபெலிலை போட்டிடுவம். காலமை லொறி வந்து அள்ளிக்கொண்டு போயிடும்.”

சொன்னதோடு நில்லாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக் குப்பைப் பைக்குள் சரிக்கத் தொடங்கினான்.

“அந்த லொறி குப்பையை நசிக்கிறதெல்லே, தம்பி?” என்றாள் மேரிறோஸ்.

“அதுக்கு?”

“நசிக்கேக்கை வெடிச்சா? பின்னாலை தொங்கிக்கொண்டு நிக்கிறவனுக்கு என்ன நடக்கும்?”

“அப்ப செய்ன் ஆத்துக்கை போடுவம்.”

“தெரியாத சாமானை இப்பிடி எடுத்து எறிய ஏலாது. பொலிஸுக்குச் சொல்லுவம்.”

செபஸ்டியன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அண்ணி இப்படி ஒரு முடிவு சொல்லி அவன் கேட்டதில்லை. “நீங்கள் இதுக்குள்ளை தலையிடாதேங்கோ. அண்ணை இருந்திருந்தா உங்களை இதுக்குக் கிட்டவும் விட்டிருக்க மாட்டார்.”

“ஓம். விடேல்லைத்தான்” என்றாள் அவள். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்தில் வைத்தாள். கதவைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் காலை பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போனாள். மொழிபெயர்க்கக் கணவரோ மகளோ பக்கத்தில் இல்லாமல் ஓர் அலுவலகத்துக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அவள் நிற்பது அதுதான் முதல்முறை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது அங்கே மறந்துபோயிற்று. கடைசியில் ஒருசில சொற்கள்தான் வந்தன.

“மொன் மரி... மோர். லா காவ்... கார்தூஷ். பொக்கூ.”

என் புருசன் செத்துப்போனார். நிலவறை. தோட்டா. நிறைய. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் எழுதுவதை நிறுத்தினான். அவன் பார்வை அவளுடைய கைப்பைக்குப் போனது. அவள் பையை விரித்துக் காட்டி, பிறகு கைபேசியில் எடுத்துவந்த படத்தை நீட்டினாள். அவன் உள்ளே போய் ஒரு பெண் அதிகாரியைக் கூட்டிவந்தான்.

அந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். அறைக்குள் இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சின்னச் சின்னச் சொற்களில், கைச்சாடையோடு மெல்ல மெல்லக் கேட்டாள். கணவர் எப்போதிருந்து இதைச் செய்கிறார்? தெரியாது. வெடிமருந்தை எங்கே வாங்கினார்? தெரியாது. கழகத்தின் பெயர்? தெரியாது. வேறு யாராவது அந்த அறைக்குப் போய்வந்தார்களா? தெரியாது. அவருடைய பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? தெரியாது.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு, சந்தேகத்தில் இல்லை, இரக்கத்தில்தான் கேட்டாள்: “மதாம், நீங்கள் இருவரும் ஒன்றாகத்தானே வாழ்ந்தீர்கள்?”

“வுய்” என்றாள் மேரிறோஸ். ஆம் என்று தலையையும் ஆட்டினாள். இரண்டு பிரசவத்தில், ஒன்று தங்காமல் போனபோது, அகதி விண்ணப்பம் இரண்டுமுறை தள்ளுபடியானபோது, எப்போதும் அந்த மனிதர் கூடவே நின்றவர். ஆனால் அவரைப் பற்றி ஓர் அந்நியப் பெண் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அவளிடம் பதில் இல்லை.

மதியம் வெடிபொருள் அகற்றும் ஆட்கள் வந்தார்கள். கட்டடத்தில் இருந்தவர்களைச் சிறிதுநேரம் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துப்போனார்கள். போகும்போது அவர்களில் ஒருவர், மேரிறோஸ் எடுத்துக் கொடுத்த கைபேசியில் ஷிரோமியோடு பேசினார். ஷிரோமி அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, பேணியளுக்கு நேர் மேலாலைதான் சுடுதண்ணிக் குழாய் போகுதாம். இப்பிடி ஒரு இடத்திலை இவ்வளவு மருந்து வைச்சிருக்கவே கூடாதாம். குழாய் மாத்திறவை வந்து நெருப்பாலை ஒட்டி வேலை செய்திருந்தா...”

கீழ்வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் மாலி நாட்டுப் பெண் முற்றத்தில் நின்று பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேரிறோஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பொலிஸார் விசாரித்து ஜெராரைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் நாள் அவன் மேரிறோஸின் வீட்டுக்கு வந்தான். பெரிய உடம்பு, சிவந்த கை, கண் கலங்கியிருந்தது. அவள் கோப்பி போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு விளங்க வேண்டுமென்று அவன் மேசையில் இருந்ததையெல்லாம் எடுத்து நடித்துக் காட்டினான். சுட்டு முடிந்த கோதுகளை மடுத்தீன் புல்லுக்குள் தேடிப் பொறுக்குவார். கோதின் அடியில் வெடித்துமுடிந்த பழைய குமிழைத் தள்ளி வெளியே எடுத்து, புதியதை அழுத்துவார். மருந்தை நிறுத்துப் போடுவார். அதன்மேல் ஓர் அடைப்பு, அதன்மேல் சன்னம், பிறகு வாயை மடித்து மூடுவார். சமையலில் உப்புப் போடுவதுபோல அவருக்கு அந்த அளவு கைவந்திருந்தது. சுடுவதில் அவ்வளவு கெட்டித்தனம் இல்லை. நிரப்புவதுதான் விருப்பம். தான் நிரப்பியதைக் கழகத்தில் இருந்த எல்லோருக்கும் கொடுப்பார்.

“அவர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று தன் உடைந்த பிரெஞ்சில் கேட்டாள்.

ஜெரார் நெஞ்சில் கைவைத்தான். நீங்கள் சண்டை பார்த்தவர், பயந்துவிடுவீர்கள் என்று மடுத்தீன் சொன்னார் என்றான். பிறகு எதையோ நினைத்துச் சிரித்து, வலதுகையை வாயாக்கித் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினான். மடுத்தீன் அங்கே வந்தால் வாய் ஓயமாட்டாராம். ஒரே பகிடியாம். எல்லோரும் வயிறு நோகச் சிரிப்பார்களாம்.

மேரிறோஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் “சோத்தைப் போடு”, “படுக்கப் போறன்” என்பதைத் தாண்டிக் கதைக்காத மனிதரையா இவன் சொல்கிறான்? வெடிமருந்தைக் கண்டபோது வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து நெருங்கிய சொந்தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். செபஸ்டியனும் நிரஞ்சலாவும் வந்திருந்தார்கள். கோபம் ஆறியிருந்தது. சாப்பிட்டு முடிந்து எல்லோரும் மடுத்தீனைப் பற்றிக் கதைக்கையில் செபஸ்டியன் பெருமையாகச் சொன்னான்:

“அண்ணை அண்ணியை ராணி மாதிரியெல்லே வைச்சிருந்தவர். ஒரு கடிதம் உடைச்சிருப்பாவே? பாங்குப் பக்கம் போயிருப்பாவே? எல்லாம் தான்தான். நானும் அப்பிடித்தான். இவளுக்கு வீட்டுக் கவலை ஒண்டும் தெரியாது.”

நிரஞ்சலா தலையைக் குனிந்து கோப்பைகளை அடுக்கினாள். மேரிறோஸ் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

“ராணி மாதிரித்தான் வைச்சிருந்தவர், தம்பி. அவரிலை நான் பிழை சொல்லேல்லை. ஆனா அந்தப் பொலிஸ் பிள்ளை கேக்கக் கேக்க, தெரியாது, தெரியாது எண்டு சொல்லி, நான் உண்மையிலை இந்த மனுசனோடைதான் இருந்தனானோ எண்டு எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. மனுசி பயந்திடுவாள், மனுசிக்கு விளங்காது எண்டு எல்லாத்தையும் தனியச் சுமக்கிறதைத்தான் நீங்கள் அன்பெண்டு நினைக்கிறியள். போகேக்கை அந்தச் சுமையைக் கொண்டுபோக ஏலாது. ஒரே நாளிலை அவளின்ரை தலையிலை இறக்கிப்போட்டுத்தான் போறியள். கேக்காம இருந்தது என்ரை பிழை. அதையும் சொல்லத்தான் வேணும். ஒரு வீட்டிலை என்ன இருக்கு, மனசிலை என்ன இருக்கு எண்டு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கோணும். தெரியாம வைச்சிருக்கிறது பாதுகாப்பில்லை. அது மற்ற ஆளைத் தனிய விடுறது.”

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போகத் தொடங்கினார்கள். செபஸ்டியனும் கோட்டை எடுத்துக்கொண்டு கதவடியில் நின்றான்.

“வாரும், நிரஞ்சலா. ரயில் போயிடும். வீட்டுப் பேப்பர் எல்லாம் எங்கை கிடக்கெண்டு நாளைக்குக் காட்டிறன்.”

“பேப்பர் பிறகு பாப்பம்” என்றாள் நிரஞ்சலா. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவனிடம் கேட்க நினைத்ததைக் கேட்பவள்போல அவள் நிதானமாகக் கேட்டாள். “போன மாசத்திலை இருந்து நீங்கள் ஏன் நித்திரை கொள்ளுறேல்லை? அதைச் சொல்லுங்கோ முதல்.”

செபஸ்டியன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

மேரிறோஸ் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். தண்ணீரைத் திறந்தவள், திரும்பவும் பூட்டினாள். முன்னறையில் செபஸ்டியன் தாழ்ந்த குரலில் தொடங்கி, தடைப்பட்டு, மீண்டும் தொடங்குவது கேட்டது. இடையிடையே நிரஞ்சலா ஏதோ கேட்டாள். அந்த வீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும் உட்கார்ந்து கதைக்கும் சத்தத்தை மேரிறோஸ் அன்றைக்குத்தான் கேட்டாள்.